வெள்ளைச் சட்டைக் காகம்

ஒஸ்லோ ஏரிக்கரையில் அம்மாவின் திவசச் சோற்றை வைத்துவிட்டு நிற்கிறேன். ஒரு காகம் கரைகிறது. தலை கறுப்பு, உடம்பு சாம்பல்.

எழுபதுகளில் அப்பா எதியோப்பியாவில், இதேபோல் அமைதியான ஏரிக்கரை ஊரொன்றில் கணித ஆசிரியர். சனிக்கிழமைகளில் நானும் அவரும் நாணலுக்குள் ஒளிந்து பறவை பார்ப்போம். விரதமிருக்கும் அம்மா, கரையில் காகத்துக்குச் சோறு வைத்துக் காத்திருப்பார். அது தின்னாமல் அவர் சாப்பிடமாட்டார். அந்த ஊர்க் காகங்களுக்கோ நெஞ்சு வெள்ளை.

"இது காகமே? வெள்ளைச் சட்டையெல்லோ போட்டிருக்கு!" என்று துரத்துவார்.

"அதுவும் காகம்தானப்பா. விடும், தின்னட்டும்," என்பார் அப்பா, தொலைநோக்கியை இறக்காமலே.

அம்மா கேட்கமாட்டார். யாழ்ப்பாணத்துக் காகம் வருமென்று, பசியோடு மரங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சாம்பல் காகம் சோற்றருகே தத்தி வந்து, தயங்கி என்னைப் பார்க்கிறது.

"அம்மா, இந்தக் குளிருக்கு இஞ்சை எல்லாக் காகமும் சட்டை போட்டுத்தான் வரும். சாப்பிடுங்கோ."