அப்பா பெயர் எழுதாமல் விட்ட இடம்

எங்கள் அப்பா சாவகச்சேரியில் ஒரு தபால்காரரின் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். ஏணியில் ஏறினாலே தலை சுற்றுகிறது என்பவர்தான், எங்கள் சொந்தத்தில் முதன்முதலாக விமானம் ஏறினார். அதுவும் பயணியாக அல்ல. விமானத்தின் அடியில் வெட்டிய துவாரத்தில் பெரிய கமராவைப் பொருத்தி, பக்கத்தில் குந்தியிருந்து நிலத்தைப் படம் எடுப்பதற்காக. கொழும்பில் அந்த வேலையைத் தொடங்கிய முதல் சிலரில் அப்பாவும் ஒருவர். வான் படத்தைப் பார்த்து வரைபடம் கீறுவதை அவர்கள் பிழைவிட்டுப் பிழைவிட்டே பழகினார்கள்.

அந்த வேலையில் ஒரு விதி இருந்தது. படத்தில் குளம்போலத் தெரிந்தாலும் கோயில்போலத் தெரிந்தாலும், ஒருவர் அங்கே நடந்துபோய், இருக்கிற சனத்திடம் கேட்டு உறுதிப்படுத்தும்வரை வரைபடத்தில் பெயர் எழுதக்கூடாது. வெறுமையாக விடவேண்டும். அப்பா இந்த விதியை வீட்டுக்கும் கொண்டுவந்தார். யாரைப் பற்றியாவது வம்பு கதைத்தால், "நீ நேரை பாத்தனியோ?" என்று எங்கள் வாயை அடைத்துவிடுவார்.

பிறகு ரொறன்ரோவுக்கு வந்து, ஒரு வரைபட நிறுவனத்தில் அதே வேலையைச் செய்தார். நகருக்கு வெளியே உள்ள விட்பி வெறும் வயலாகக் கிடந்த காலத்தில் அதன்மேல் பறந்து படம் எடுத்தவர். அங்கே புதுவீடு வாங்கிக் குடிபூரலுக்கு அழைத்தவர்களிடம் பலகாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, "உங்கடை பேஸ்மென்ற் கிடக்கிற இடம் முந்திச் சதுப்பு. தண்ணி வரும்" என்பார். அம்மா காலில் மிதிப்பார். தண்ணீர் வரத்தான் செய்தது.

அம்மாவும் நானும் அப்பாவுடன் வந்து சேர்ந்தோம். அண்ணா வரவில்லை. வன்னியில் கணக்கு ஆசிரியராக இருந்தார். "பிறகு வாறன்" என்றார். வருகிறேன் என்று சம்மதித்தபோது போரில் பாதை பூட்டியிருந்தது.

போரின் கடைசி மாதங்களில் வோபர்னில் இருந்த எங்கள் வீட்டுப் பேஸ்மென்றில் அப்பா, செய்மதி வானிலிருந்து எடுத்து இணையத்தில் வந்த படங்களை அச்செடுத்து, பூதக்கண்ணாடியோடு இருந்தார். ஒருநாள் அண்ணாவின் தொலைபேசி வந்தது. எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை என்றார்.

"கடற்கரைப் பக்கம் வெளியாக் கிடக்கு தம்பி. அங்கை போ" என்றார் அப்பா.

"ஓமப்பா, போறன்."

அதுதான் நாங்கள் கேட்ட கடைசிக் குரல். அடுத்து வந்த படத்தில் அந்த வெளி முழுக்கக் கூடாரங்கள். அதற்கடுத்த படத்தில் கூடாரங்கள் இல்லை, குழிகள்தான் இருந்தன. அப்பா பார்த்துச் சொன்ன படம் பழையது. "ஆரும் போய்ப் பாக்காத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பிப்போட்டன்" என்று சுவரில் தலையை மோதி அழுதார். நான் அப்பா அழுது கண்டது அன்றைக்குத்தான்.

"இருக்கிறானோ இல்லையோ சொல்லுங்கோ. உங்களுக்குத்தானே படம் பாக்கத் தெரியும்" என்று அம்மா கேட்காத நாள் இல்லை. "மேலையிருந்து பாத்தா ஆளைத் தெரியாது" என்பார் அப்பா. வீட்டுக்கு வருகிறவர்கள், கோயிலில் சந்திக்கிறவர்கள் எல்லோரிடமும், "அந்த இடத்திலை நிண்டனீங்களோ?" என்று கேட்பார். மருத்துவமனையில் நினைவு தவறுமுன் தாதியிடமும் அதையேதான் தமிழில் கேட்டார்.

தகனசாலையில் கொள்ளிக்குப் பதிலாகப் பொத்தானை அமத்த மூத்த மகன் இல்லை. என் மகன் அமத்தினான். அதற்குப் பிறகு அப்பாவின் நினைவாக அச்சிடும் இந்த மலருக்கான வேலைகள் தொடங்கின. அஜின்கோர்ட்டில் அச்சகம் வைத்திருக்கும், தெரிந்த தம்பி ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அக்கா, பிள்ளையளின்ர பேர் வரிசையிலை மூத்தவருக்கு முன்னாலை 'காலஞ்சென்ற' எண்டு போடுறதோ?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "ஆர் போய்ப் பாத்தது?" என்றார். அது அப்பாவின் கேள்வி. அண்ணாவின் பெயருக்கு முன்னால் எதுவும் போடவில்லை. முன்பக்கத்தில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது.

அப்பாவை இழந்த துயரில் சமைத்துத் தந்தவர்கள், வாகனம் ஓடியவர்கள், தேவாரம் பாடியவர்கள், பனியிலும் வந்து நின்ற அயலவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நன்றியோடு நிறுத்தத்தான் நினைத்தேன். முடியவில்லை.

இந்த மலரைக் கையில் வாங்கும் உங்களில் சிலர் அந்தக் கடற்கரையில் நடந்தவர்கள். பின்னட்டையில் அந்த வெளியை அப்பா வட்டமிட்டு வைத்த படமும், பக்கத்தில் அண்ணாவின் படமும் உள்ளன. இடது புருவத்தில் தழும்பு இருக்கும். உயிரோடு கண்டிருந்தாலும் சொல்லுங்கள். உங்கள் கையாலே மண் போட்டு மூடியிருந்தாலும் சொல்லுங்கள். எங்களைக் காப்பாற்றுவதற்காக மறைக்காதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்ததும் அம்மா மண்டப வாசலில் கதிரை போட்டு இருப்பார். அண்ணாவைக் கண்டவர் யாராவது இருந்தால், தயவுசெய்து அம்மாவைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

மகள்