காவடியோடு வந்த தீவிரவாதி

இந்த மாதத் தொடக்கத்தில் எங்கள் திருத்தணிக்கு வந்த தீவிரவாதி ஒருவர், மொட்டை போட்டுக்கொண்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, கையில் பிரசாதத்தோடு போலீஸ் ஜீப்பில் ஏறிப் போனார்.

பதறாதீர்கள்... ஒத்திகைதான்.

மின் நிலையம், தண்ணீர்த் தொட்டி, ரயில் பாலம் — இப்படி முக்கியமான இடங்களைத் தீவிரவாதிகளிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது என்று மாநில அளவில் ஒரு பெரிய திட்டம் போட்டிருக்கிறார்கள். அது மேலிருந்து படிப்படியாக இறங்கி, கடைசியில் எங்கள் ஊர் மீட்டிங் ஹாலுக்கும் வந்து சேர்ந்தது. பொதுமக்கள் சார்பில் ஓர் ஆள் வேண்டுமாம். என்னைக் கூப்பிட்டார்கள். ஏன் என்னை? தெருவிளக்கு எரியவில்லை என்று இதே பத்தியில் விடாமல் புலம்பியவள் நான்தானே! கரண்ட் விஷயம் எனக்கு ஏதோ தெரியும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

சென்னையிலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதர். கொஞ்சம் வேகம். "உங்க ஊர் கரண்ட் சப்-ஸ்டேஷன் போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா மேடம்? மலைக்குத் தண்ணி ஏறாது. ஆஸ்பத்திரி இருட்டு. ஆடிக் கிருத்திகைக்கு அத்தனை ஜனம் படியேறிட்டிருக்கும்போது லைட் போனா... நெரிசலை யோசிச்சுப் பாருங்க" என்றார்.

யோசித்தேன். இது சிரிக்கிற சமாசாரம் இல்லைதான்.

அதனால் ஒத்திகை. மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் தீவிரவாதியாக வருவார். குண்டுக்குப் பதில் ஒரு டிபன் பாக்ஸ். அதை சப்-ஸ்டேஷன் உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்தால் அவர் ஜெயித்தார்... தடுத்தால் வாட்ச்மேன் ஜெயித்தார். வாட்ச்மேனுக்கு மட்டும் விஷயம் தெரியாது.

வேஷம் என்ன? ஆடி மாதம், திருத்தணி ரோடு. வேறென்ன போடுவார்கள்? காவடிதான்!

வாட்ச்மேன் முனிரத்தினத்தை எனக்குத் தெரியும். காலையில் வாக்கிங் போகும்போது "இன்னாம்மா, ரெண்டு நாளா காணோம்?" என்று கேட்கிற ஒரே ஆள் அவர். காண்ட்ராக்ட் வேலை. பெண் நர்சிங் படிக்கிறாள். இந்த வேலை போனால் அவள் படிப்பு பாதியில் நிற்கும். ஒத்திகை நடக்கப் போகிறது என்று அவரிடம் சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. சொல்லவில்லை.

ஒத்திகை அன்று சப்-ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். அதிகாரி, இரண்டு ஊழியர்கள், நான். வெயில் கொளுத்தியது.

"அரோகரா..." என்று குரல் வந்தது. மஞ்சள் வேட்டி, வெறுங்கால், தோளில் புஷ்பக் காவடி. வெங்கடேசன் என்ற கான்ஸ்டபிள் அவர். பொருத்தமாக இருந்தார். தெரியாமல் இருந்திருந்தால் நானே கும்பிட்டிருப்பேன்.

முனிரத்தினம் நாற்காலியிலிருந்து எழுந்தார். தடுக்கப் போகிறார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவரோ கேட்டை விரியத் திறந்தார். உள்ளே ஓடி ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மஞ்சள் கரைத்து, வேப்பிலை போட்ட தண்ணீர். அதைத் தீவிரவாதியின் காலில் ஊற்றினார். அப்புறம் ரோட்டிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

தீவிரவாதி என்ன செய்வார் பாவம்? விபூதி எடுத்துப் பூசிவிட்டார்.

"நெழல்ல கொஞ்சம் நின்னுட்டுப் போ சாமி. கால் சுடுது பாரு" என்று முனிரத்தினமே உள்ளே கூட்டிப்போனார். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருந்த வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, மோர் எடுக்கப் போனார். மரத்தடியில் டிபன் பாக்ஸ் இறங்கியது.

"முடிஞ்சுது. இந்நேரம் டமால்!" என்று அதிகாரி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

ஆனால் முடியவில்லை.

மோர் குடித்துவிட்டு வெளியே வந்த வெங்கடேசன் ஜீப்பில் ஏற வேண்டும். ஏறவில்லை. ஜீப்பைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், மலைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

"யோவ் வெங்கடேசன்! இங்க வாய்யா!"

வந்தார். காவடியை இறக்காமலே நின்றார். "சார்... காவடிக் கடைக்காரரு பூஜை போட்டுத்தான் குடுத்தாரு சார். தோள்ல ஏத்தியாச்சு. மலையிலதான் எறக்கணும். நடுரோட்டுல எறக்கக் கூடாது சார்."

"இது ஒத்திகைய்யா!"

"நமக்கு ஒத்திகை சார். மேல இருக்கறவருக்கு யார் சார் சொல்றது?"

சொல்லிவிட்டு நடந்தார். அதிகாரி வாயைத் திறப்பதற்குள் கேட்டிலிருந்து இன்னொரு குரல். "சாமீ! சாமீ! டிபன் பாக்ஸ வுட்டுட்டுப் போறியே!" முனிரத்தினம்தான். குண்டை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டில் ஓடுகிறார். பின்னால் கேட் ஆ-வென்று திறந்து கிடக்கிறது!

அதிகாரி தலையில் கை வைத்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கடையின் பின்பக்கம் போய்விட்டேன்.

சாயங்காலம் நடந்த மீட்டிங்கில் சிரிப்பு வரவில்லை. "இந்த ஆளை வேலையிலேர்ந்து எடுத்துடுங்க" என்றார் அதிகாரி. ஒரே வரி.

சுவரோரம் நின்றிருந்த முனிரத்தினம் முன்னே வந்தார். "ஐயா... காவடியோட வர்ற சாமிய எப்பிடிய்யா நிறுத்தறது? எங்க நைனா காலத்துலேர்ந்து கால்ல தண்ணி ஊத்திகினு வரோம்யா. பொண்ணு படிச்சிகினு இருக்குதுய்யா... இந்த ஒரு வாட்டி வுட்டுருங்கய்யா."

யார் பக்கம் நியாயம்? அதிகாரி சொன்னதிலும் தப்பில்லையே. கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் 'நான் கெட்டவன்' என்று போர்டு மாட்டிக்கொண்டா வருவான்? இந்த வேஷத்தில்தான் வருவான். திட்டத்தில் ஒரு வரி இருக்கிறது — 'அறிமுகமில்லாத, சந்தேகப்படும்படியான நபர்கள்'. ஆடியில் எங்கள் ஊர் முழுக்க அறிமுகமில்லாதவர்கள்தான். தெரியாத முகம், மூட்டை முடிச்சு, பாதிப் பேருக்குத் தெலுங்கு, ராத்தங்கல் ரோட்டோரத்தில். அத்தனை பேருக்கும் நாங்கள் வைத்திருக்கிற பெயர் ஒன்றுதான்... சாமி. இந்த இரண்டையும் ஒரே கேட்டில் எப்படி நிறுத்துவது?

அப்போதுதான் வெங்கடேசன் உள்ளே வந்தார். மொட்டைத் தலை, சந்தனம். நேராக அதிகாரியிடம் போய்ப் பிரசாதத்தை நீட்டினார். அதிகாரி சட்டென்று ஷூவைக் கழற்றினார். இரண்டு கையாலும் வாங்கினார். விபூதியை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார். அதுவாகவே நடந்தது... யோசித்துச் செய்யவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "சார், முனிரத்தினத்தை எடுக்கறதா இருந்தா வெங்கடேசனையும் எடுக்கணும். டியூட்டி நடுவுல மலை ஏறிட்டாரே!" என்றேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நெற்றி நிறைய விபூதியோடு ஒருவரால் எவ்வளவு நேரம் முறைக்க முடியும்?

"சரி, இருக்கட்டும். ஆனா ஒண்ணு... சாமியோ ஆசாமியோ, கேட் யாருக்கும் திறக்கக் கூடாது. தண்ணி ஊத்தறதுன்னா வெளிய நின்னு ஊத்திக்கோ."

"வெளிய ஒரு பந்தலாவது போடலாமே சார்?"

"கேட் முன்னாடி கூட்டம் சேரக் கூடாது மேடம். திட்டத்துலயே இருக்கு."

முனிரத்தினம் எல்லோரையும் மாறி மாறிக் கும்பிட்டார். வேலை நிலைத்தது. எனக்கும் நிம்மதி. அத்தோடு இந்த வாரக் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆடிக் கிருத்திகை அன்று அந்தப் பக்கம் போனேன். கேட் பூட்டியிருந்தது. குடம் வெளியே. முனிரத்தினம் வருகிற ஒவ்வொரு காவடிக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தார் ரோடு கொதித்தது. ஊற்றிய ஈரம் உடனே காய்ந்தது.

ஆந்திராவில் நகரி பக்கத்திலிருந்து நடந்தே வந்த ஒருவர். தோளில் காவடி, உதடெல்லாம் வெடித்திருந்தது. உள்ளே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தார். "அந்த நெழல்ல ரெண்டு நிமிசம் நின்னுக்கிறேன் நைனா" என்றார்.

முனிரத்தினம் அவர் காலில் விழுந்தார். கொதிக்கிற ரோட்டில், முழுசாக. "மன்னிச்சிக்கோ சாமி... உள்ள வுட முடியாது."

அவர் காவடியைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்.

முனிரத்தினம் எழுந்திருக்கக் கொஞ்ச நேரமாயிற்று. "வர்ற சாமிய வெயில்லயே அனுப்பிகினு இருக்கேன்மா. காலையிலேர்ந்து சோறு எறங்கல. வேலை போயிருந்தாகூட இப்பிடி வலிச்சிருக்காதுமா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். வேலை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் அதிகாரி போன் செய்தார். "கேட் என்ன ஆச்சு மேடம்?"

"பூட்டியே இருந்தது சார்."

"வெரி குட்! அந்த ஆள்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க."

மறுநாள் வாக்கிங் போகும்போது சொன்னேன். "ஆங்" என்றார் முனிரத்தினம்.

ஊர் பத்திரமாகத்தான் இருக்கிறது... சாமிக்குத்தான் நிழல் இல்லை.