எதிரில் போனேன், அதனால் அண்ணன் விழுந்தான்

அண்ணன் மொபெட்டிலிருந்து விழுந்து கால் உடைந்தது. அதனால் நான் வேலையை விட வேண்டும் என்றார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கே கேட்டேன். இன்று வரை ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. வேலை செங்கம் ரோட்டில், ஒரு எஸ்.டி.டி. பூத்தில். கண்ணாடிக் கூண்டுக்குள் வெளிநாட்டுக்காரர்கள் நின்று அவரவர் அம்மாவோடு பேசி அழுவார்கள். வெளியே மேசையில் உட்கார்ந்து நான் சீட்டு கிழித்துக் கொடுப்பேன். பிளஸ் டூ முடித்துவிட்டு மூன்று வருஷம் வீட்டில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தவள் நான். அங்கே எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. தலைக்கு மேலே ஒரு ஃபேன் சுற்றியது. அதை விடுவதாக இல்லை.

வீட்டிலிருந்து சைக்கிளில் நாலு கிலோமீட்டர். வில்லங்கம் தூரத்தில் இல்லை, திசையில் இருந்தது. கிரிவலம் வருகிறவர்கள் மலையை வலப்பக்கம் வைத்துத்தான் நடப்பார்கள். அப்படி வந்தால் முதலில் செங்கம் ரோடு, அப்புறம் எங்கள் ஊர். எங்கள் ஊரிலிருந்து செங்கம் ரோட்டுக்குப் போகிறவள் எதிரில்தான் போக வேண்டும். மற்ற நாட்களில் யாரும் இதைக் கவனித்ததில்லை. பௌர்ணமி அன்று மதியமே கூட்டம் சேர்ந்துவிடும். கூட்டத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவேன். திட்டு விழும்.

“ஏம்மா, எல்லாரும் இப்டி வராங்க, நீ மட்டும் எதிர்ல போறியே, இன்னா கொழுப்பா?”

“வேலைக்குப் போறேங்க.”

“சாமிய விட வேலை ஜாஸ்தியா உனுக்கு?”

“சாமிய பாக்க வந்தவரு என்னை ஏங்க பாக்கறீங்க?”

அப்படி ஒரு பௌர்ணமி மதியம் நான் எதிரில் போனேன். அதே நேரம் அண்ணன் மொபெட்டில் டவுனுக்குக் கிளம்பினான். அவன் போனது சரியான திசை. மலை அவனுக்கு வலப்பக்கம். ஒரு திருப்பத்தில் ஆடு குறுக்கே வந்தது, பிரேக் பிடிக்கவில்லை. பிரேக் கம்பி அறுந்து பத்து நாள் ஆகியிருந்தது. “மாத்துண்ணா, மாத்துண்ணா” என்று நானே சொல்லியிருந்தேன். கேட்கவில்லை. காலைத் தரையில் தேய்த்து நிறுத்திக் காட்டுவான், அதில் பெருமை வேறு.

மறுநாள் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. மாவுக்கட்டோடு படுத்திருந்த அண்ணனைப் பார்த்துக் கொஞ்சம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“நீ எத்தினி மணிக்குக் கெளம்பின?”

“ரெண்டு.”

“இவன் எப்ப விழுந்தான்?”

“ரெண்டரை இருக்கும்.”

“பாத்தியாடா தம்பி?” என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா தலையை ஆட்டினார்.

“வண்டில பிரேக் இல்ல அத்த.”

“பிரேக் இல்லாமதான் பத்து நாளு ஓட்டினான். அன்னிக்கெல்லாம் விழுந்தானா?”

“நான் ரெண்டு வருசமா எதிர்ல போறேன். அன்னிக்கெல்லாம் விழுந்தானா?”

அத்தை வாயடைத்துப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. “வாயப் பாரு. இந்த வாய்க்குத்தான் ஆடு குறுக்க வந்துச்சு” என்றாள்.

நான் அப்பாவிடம் திரும்பினேன். “நைனா, தினம் பஸ்ஸு எதிர்ல வருதே. டிரைவர் வீட்ல எல்லாரும் கால் ஒடஞ்சா கெடக்கறாங்க?”

“பஸ்ஸு வேற, பொண்ணு வேற.”

“சரியா போனவன் விழுந்தான். தப்பா போனவ நல்லா இருக்கறேன். அப்ப எது தப்பு?”

“அதான் சொல்றேன். நீ பண்ண தப்பு அவன் மேல விழுந்துச்சு.”

இந்த மாதிரிப் பேச்சுக்கு என்ன பதில் சொல்வது? எதைக் காட்டினாலும் அது அவர்கள் பக்கத்துக்கே சாட்சியாகிவிடும். எனக்குக் கால் உடைந்திருந்தால் எனக்குத் தண்டனை என்பார்கள். உடையாததால் அண்ணனுக்குத் தண்டனை. ஆட்டுக்கு உடைந்திருந்தாலும் நான்தான்.

எனக்கு அதிகமாக ஆத்திரம் வந்தது அண்ணன் மேல்தான். “நீ சொல்லுண்ணா, பிரேக் இருந்துச்சா?” என்று கேட்டேன். அவன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தான். அவனுக்குச் சௌகரியமாகப் போய்விட்டது. பிரேக் என்றால் தப்பு அவனுடையது.

அத்தைக்கு ஒரு பையன் இருந்தான். என்னை அவனுக்குக் கேட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. வேலைக்குப் போகிற பெண் வேண்டாம் என்பது அவன் கட்டளை. இதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு சுலபம். நான் வேலையை விட வேண்டும் என்ற முடிவு முதலிலேயே தயார். அதற்குக் காரணம் கிடைக்காமல் இருந்தது. அண்ணன் விழுந்து அந்தக் காரணத்தைக் கொடுத்தான்.

அப்பா கெட்ட மனுஷர் இல்லை. இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கொண்டுவந்தார். “வேலைக்குப் போ. ஆனா வலமா சுத்திக்கினு போ.”

“அந்தப் பக்கம் பத்து கிலோமீட்டர் நைனா.”

“ஆவட்டும். போறப்ப பத்து, வரப்ப நாலு. தினம் ஒரு கிரிவலம் முடிஞ்சிடும். யாருக்குக் கெடைக்கும் இந்தப் புண்ணியம்?”

உண்மையிலேயே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். சைக்கிளைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நான் நடந்து போனேன். எதிரில்தான். இரண்டு மாதம் அப்படி நடந்தேன். அடுத்த பௌர்ணமிக்கும் அதே வழியில் நடந்தேன். வீட்டில் யாருக்கும் எதுவும் உடையவில்லை. அதை யாரும் எடுத்துப் பேசவில்லை.

அதற்கும் அடுத்த பௌர்ணமி அன்று காலை அண்ணனுக்குக் கட்டுப் பிரிக்க வேண்டும். எலும்பு டாக்டர் இருந்ததும் செங்கம் ரோட்டில். நான் பாதி தூரம் நடந்திருப்பேன், பின்னாலிருந்து ஓர் ஆட்டோ வந்து வேகம் குறைத்தது. உள்ளே அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அப்பா.

“நைனா, மலை எந்தப் பக்கம் இருக்குது?” என்று கேட்டேன்.

அப்பா மலையைப் பார்க்கவில்லை. “டாக்டரு பத்து மணிக்குக் கெளம்பிடுவாரு” என்றார்.

“எங்க மொதலாளியும் இன்னிக்கு பத்து மணிக்குத்தான் வர சொன்னாரு.”

ஆட்டோக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏறப் போறியாம்மா, இல்லியா?” என்றார்.

“ஏறுடி” என்றான் அண்ணன். பிறகு, என்னைப் பார்க்காமல், “பிரேக் கம்பி இல்ல நைனா வண்டில” என்றான். இரண்டு மாதம் பிடித்தது அவனுக்கு.

நான் ஏறவில்லை. கையை நீட்டினேன். அப்பா கையைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். தன் பேரில் தப்பு என்று அவர் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவில்லை. சாவியைத் திரும்பக் கேட்கவும் இல்லை.

அத்தை பையன் வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். நான் இன்னும் பல வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்புறம் எல்லார் கையிலும் செல்போன் வந்தது. கண்ணாடிக் கூண்டு காலியாகவே கிடந்தது, ஒரு நாள் முதலாளி பூத்தை மூடினார். அந்த வாரமே அத்தை வந்தாள்.

“நான் அன்னிக்கே சொன்னேன், கேட்டியா? எதிர்ல எதிர்ல போன. கடைய மூடிட்டாங்க.”

எங்கள் ஊரில் இருந்த பூத் எல்லாம் மூடிக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸில் மூடினார்கள். டெல்லியிலும் மூடியிருப்பார்கள். அத்தனையும் என் ஒரு சைக்கிளால். இதைச் சொல்லி முடிக்கும் முன்பே அத்தையின் இடுப்பில் செல்போன் அடித்தது. எடுத்துப் பேசப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் அதே செங்கம் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். காலையில் மலை எனக்கு இடப்பக்கம்தான் இருந்தது.