மாத்திரை தர மறுத்த அக்கா

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம், பகல் பதினோரு மணி இருக்கும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கலில் நடந்தது இது.

பதினாலு வருடம் கபடி ஆடியவள் நான். முழங்காலில் இரண்டாவது ஆபரேஷன் முடிந்ததும், இனி களம் இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இனியாவது நிம்மதியாகத் தூங்கு என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். அந்தத் தூக்கம்தான் வரவில்லை. படுத்தால் பழைய மேட்ச் ஓடும். அதிலும் ஜெயித்தது ஒன்றுகூட வராது, நான் பிடிபட்ட ரெய்டுகள்தான் வரும். விடிந்தால் ஓட மைதானம் இல்லை, திட்டுவதற்குக் கோச் இல்லை. நான் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்ற நினைப்பு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. நாலு மாதம் கணவரிடம்கூட இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அன்றைக்கு அந்தக் கடையில் போய்த் தூக்க மாத்திரை கேட்டேன், ஒரு அட்டை முழுசாக. தூங்குவதற்கு மட்டும்தான் கேட்டேன் என்று இன்றைக்கு எழுதினால் அது முழு உண்மை ஆகாது.

கடையில் இருந்த அக்காவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்றார். நான் நகர்ந்தேன். விடவில்லை அவர்.

"நேத்து எதுத்த கடையிலயும் கேட்டீங்களாம்ல. எம்புட்டு நாளா தூங்கல?"

அதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. நடுக்கடையில் நின்று அழுதுவிட்டேன். உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்தார். பக்கத்து செல்போன் கடைக்காரரிடம் செத்த நேரம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தன் ஸ்கூட்டரிலேயே ஆஸ்பத்திரிக்கு, மனநல டாக்டரிடம் அழைத்துப் போனார்.

அங்கே நான் செய்த காரியம் இருக்கிறதே! விளையாடும் காலத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம். காலில் அடிபட்டால் உள்ளே கட்டுப் போட்டு மறைத்துவிட்டு, கேட்பவர்களிடம் ஒன்றுமில்லை என்று சிரிப்போம். வலி என்று சொன்னால் டீமில் இருந்து தூக்கிவிடுவார்கள் என்ற பயம். என் முழங்காலைக் கெடுத்ததே அந்தப் பழக்கம்தான். டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும் அதே சிரிப்பு வந்துவிட்டது. லேசான தூக்கக் குறைவுதான், மற்றபடி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தே விட்டேன்.

வாசலில் நின்ற அக்கா உள்ளே வந்தார்.

"டாக்டர், இவங்க மறைக்கிறாங்க. எங்கிட்ட ஒரு அட்டை மாத்திரை கேட்டாங்க. அம்புட்டும் எதுக்குன்னு கேளுங்க."

எனக்கு வந்த கோபத்தில் அவரைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். டாக்டர் திட்டவில்லை, உட்காரச் சொன்னார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கணவரை வத்தலக்குண்டில் இருந்து வரவழைத்தார்கள். அவர் வந்து சேரும் வரை அக்கா என் கையை விடவில்லை. அக்காவின் கடை அன்றைக்கு என்ன ஆனதோ தெரியாது.

ஒரே நாளில் எதுவும் சரியாகிவிடவில்லை. மாதக்கணக்கில் சிகிச்சை, பேச்சு, கொஞ்சம் மருந்து. விளையாட்டை விட்டவர்களுக்கு இப்படி வருவது உண்டு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை நம்பவே எனக்கு வெகுநாள் ஆயிற்று. ஒருநாள் வத்தலக்குண்டு பஸ்ஸில் அசந்து தூங்கி, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். கண்டக்டர் கத்தினார். நான் சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

இன்றும் காலையில் கண் விழித்து, ராத்திரி நன்றாகத் தூங்கியிருக்கிறேன் என்று தெரிந்ததும், என் கோபத்துக்குப் பயப்படாமல் என்னைக் காட்டிக்கொடுத்த அந்த அக்காவைத்தான் முதலில் நினைத்துக்கொள்கிறேன்.