விரலை விடாத பந்து

நாற்பத்தோரு வயதில், தொந்தியும் மூக்குக்கண்ணாடியுமாக, ஒரு பந்தைப் பொறுக்கத் தெரியாததால் என் குடும்பம் நாசமாகப் போகிறது என்று நான் ஒரு வாரம் முழுக்க நம்பினேன். இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள். நானும்தான் சிரிக்கிறேன். அந்த வாரம் நான் பட்ட பாட்டை மட்டும் யாரும் கேட்பதில்லை.

சுதந்திரம் வந்த மறுவருஷம். தூத்துக்குடியில் சங்கு சேர்த்து வைக்கிற ஒரு கிட்டங்கியில் நான் தரம் பிரிக்கிற குமாஸ்தா. கடலில் முக்குளித்து எடுத்த சங்குகளைக் கம்பெனி வாங்கி, வளையல் அறுக்கக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றும். எதிர்மேஜையில் என்னைப் போலவே இன்னொரு குமாஸ்தா. எங்கள் துரை சீமைக்குத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். போவதற்குள் எங்களில் ஒருவரைக் கல்கத்தா ஆபீஸுக்கு மூன்று வருஷத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

நான் போக முடியாது. என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாசம். அதற்கு முன் இரண்டு தடவை ஏழாம் மாசத்தைத் தாண்டவில்லை. பிள்ளை வேண்டுமானால் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பகலில் எதிர்மேஜைக்காரரின் மனைவி ஒரு நடை வந்து எட்டிப் பார்ப்பாள். மற்றபடி சோறு பொங்குவதிலிருந்து தலை வாரிவிடுவது வரை நான்தான். வேறு நாதியில்லை.

இதைத் துரையிடம் நேரே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். பதினெட்டு வருஷமாக அந்த ஆபீஸில் நான் வாய் திறந்து உண்மை பேசியதில்லை. லீவு வேண்டுமென்றால் என் மாமனாரைக் கொன்றுவிடுவேன். நான்கு தடவை கொன்றிருக்கிறேன். ஐந்தாவது தடவை அவர் நிஜமாகவே செத்தபோது துரை விழுந்து விழுந்து சிரித்தார். முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர் அவர். புத்தகம் மாதிரியே பேசுவார். "உமது மாமனார் மிகவும் உழைப்பாளி" என்றார்.

அந்தத் துரைதான் ஒரு திங்கட்கிழமை எங்கள் இருவரையும் கூப்பிட்டு, சனிக்கிழமை மாலை கிளப்புக்குப் பந்து உருட்ட வரச் சொன்னார். அதுவரை கிளப்பில் நாங்கள் பார்த்தது வெளி கேட்டை மட்டும்தான். "ஒருவன் எந்தப் பந்தைத் தெரிந்தெடுக்கிறான் என்று கண்டால், அவன் எப்படிப்பட்டவன் என்று நான் அறிவேன். அதன்பின் கல்கத்தாவை முடிவு செய்வோம்" என்றார்.

வெளியே வந்ததும் எதிர்மேஜைக்காரர் என்னைப் பார்த்தார். "என்ன வே, பேயறஞ்ச மாதிரி நிக்கீரு?"

"உமக்குப் பந்து உருட்டத் தெரியுமா?"

"சோத்த உருட்டத் தெரியும். போரும் வே, வேலையப் பாரும்."

அவருக்கென்ன. நன்றாக உருட்டுகிறவனைத் துரை இங்கேயே வைத்துக்கொள்வாரா, அல்லது அங்கே அனுப்புவாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் தோற்றால் கல்கத்தா என்று நானே தீர்ப்பு எழுதி நானே கையெழுத்தும் போட்டுவிட்டேன். அன்றிரவு முதல் தூக்கம் போயிற்று. விடிந்ததும் வீட்டு நடையில், உரித்த தேங்காய்களை உருட்டிப் பழக ஆரம்பித்தேன். குறிக்கு ஒரு செம்பு.

கட்டிலில் படுத்தபடியே அவள் கேட்டாள்: "என்ன பண்ணுதிய?"

"தேங்கா முத்திருக்கான்னு பாக்கேன்."

"உருட்டியா பாக்கது? தட்டிப் பாக்க மாட்டாவளா?"

"இது புது முற."

"அது சரி. வீடு பூரா தேங்காயா ஒடஞ்சி கெடக்கு, கொழம்புல மட்டும் ஒண்ணையுங் காணும்."

கல்கத்தாவைப் பற்றி அவளிடம் நான் மூச்சு விடவில்லை. பயந்து எழுந்துவிட்டால்?

சனிக்கிழமை வந்தது. கிளப்பின் பின்புறம் நீளமான தகரக் கொட்டகை. தரையெல்லாம் பலகை பாவி, எண்ணெய் போட்டு, ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும்படி தேய்த்திருந்தார்கள். அந்தக் கோடியில் பத்து மரக்கட்டைகள் போத்தல்கள் மாதிரி நின்றன. இங்கிருந்து பந்தை உருட்டி அவற்றைச் சாய்க்க வேண்டும். சுவரோரம் ஒரு மரத்தட்டில் கரிய பந்துகள், பனம்பழம் பனம்பழமாக. ஒவ்வொன்றிலும் நுங்குக்குக் கண் வைத்த மாதிரி இரண்டு துளைகள். ஒன்று பெருவிரலுக்கு, ஒன்று நடுவிரலுக்கு.

"தெரிந்தெடுங்கள்" என்றார் துரை, கைகளைக் கட்டிக்கொண்டு.

எதிர்மேஜைக்காரர் முதலில் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார். எனக்கு மூளை ஓடவில்லை. மூளை ஓடாதபோது மனிதனைக் கைதான் நடத்தும். என் கைக்கோ ஒரே ஒரு வித்தைதான் தெரியும். கிட்டங்கியில் சங்கு அளக்க, நடுவில் துளை போட்ட ஒரு பலகை உண்டு. துளைக்குள் சங்கு புகுந்து மறுபக்கம் விழுந்தால் அது குஞ்சு, கழித்துக்கட்ட வேண்டும். மாட்டிக்கொண்டு நின்றால்தான் சரக்கு. பதினெட்டு வருஷம் காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே வேலை.

முதல் பந்தில் பெருவிரலை விட்டேன். சுளுவாகப் போயிற்று. கழிவு. இரண்டாவது, அதுவும் கழிவு. ஏழெட்டுப் பந்துகளைக் கழித்த பிறகு ஒன்று அகப்பட்டது. விரல் பாதியில் நின்றது. திருகினேன். இன்னும் கொஞ்சம் இறங்கி, கவ்விப் பிடித்துக்கொண்டது. ஆகா, சரக்கு!

கட்டைகளை நிமிர்த்தி வைக்கிற மார்க்கர் பதறிக்கொண்டு வந்தார். வயதானவர். "அண்ணாச்சி, அது ஒரு தொரசானிக்குன்னு செஞ்சது. அந்தம்மா வெரலு வெண்டிக்கா கணக்கா இருக்கும். வெரலு லேசா வந்து போவணும் அண்ணாச்சி."

"லேசா வாரதெல்லாம் கழிவு, பெரியவரே. சரக்கு எனக்குத் தெரியும்."

ஓடினேன். கையை வீசினேன். பந்து போகவில்லை. நான் போனேன்.

எண்ணெய்ப் பலகையில் குப்புற, தொந்தியே சக்கரமாக, கரையேறும் வள்ளம் போலச் சறுக்கிக்கொண்டு போனேன். மூக்குக்கண்ணாடி எனக்கும் முன்னால் போயிற்று. பாதி தூரத்தில் நின்றபோது கட்டைகள் பத்தும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றன.

துரை வந்து தூக்கி உட்கார வைத்தார். பந்து மடியில் இருந்தது. என் விரல் அதற்குள் இருந்தது. "ஏன் இப்பந்தைத் தெரிந்தெடுத்தீர்?" என்று கேட்டார். பயத்தில் பொய் எதுவும் வாய்க்கு வரவில்லை. சங்குப் பலகையைப் பற்றி உள்ளது உள்ளபடி சொன்னேன்.

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். முகம் மலர்ந்தது. "கல்கத்தாவிலிருந்து வரும் கடிதமெல்லாம் குஞ்சுச் சங்கு கலந்துவிட்டது என்ற புகாரே. உமது விரல் எதையும் தப்பவிடாது. இப்படிப்பட்டவரே அங்கு வேண்டும். நீரே செல்கிறீர்."

"துரை, வீட்டுல ஏழாம் மாசம். எந்திரிக்கக் கூடாது. நான் போனா பிள்ள தங்காது, துரை."

துரை என் தோளில் தட்டி உரக்கச் சிரித்தார். "நன்று! மாமனார் முடிந்தார். இனிக் குழந்தையா?"

நான் அழுதுவிட்டேன். நாற்பத்தோரு வயது ஆண்பிள்ளை, மடியில் பந்தை வைத்துக்கொண்டு, மூக்கு ஒழுக அழுதேன். துரை விரல் வலி என்று நினைத்து ஐஸ் கொண்டுவரச் சொன்னார்.

"அவரு வெரலுக்கு அழல, துரை." எதிர்மேஜைக்காரர் தன் பந்தைத் தட்டில் வைத்துவிட்டு வந்தார். "அந்தம்மா கட்டில விட்டு எறங்கி ரெண்டு மாசமாச்சி. எம் பொண்டாட்டிதான் போயி பாத்துட்டு வாரா. மத்ததெல்லாம் புளுகு. இது ஒண்ணுதான் நெசம்."

துரையின் சிரிப்பு நின்றது. எதிர்மேஜைக்காரர் பக்கம் திரும்பி, "அப்படியானால் நீர் செல்வீரா?" என்றார்.

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "போறேன்" என்றார்.

மார்க்கர் தேங்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு என் விரலை மீட்க அரை மணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் எதிர்மேஜைக்காரரிடம் கேட்டேன், "ஏன் வே போறேன்னு சொன்னீரு?"

"உம்ம சளம்பலக் கேட்டுக்கிட்டு இன்னும் மூணு வருசம் எதுத்தாப்ல உக்காரதுக்குக் கல்கத்தா மேலு." சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். "எங்கம்மா சாயர்புரத்துல தனியா இருக்கா. மாசம் ஒருக்கா போயி பேசிக்கிட்டு இரும். உம்ம பேச்சு அவளுக்குப் பிடிக்கும்."

வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறக்கும் முன்பே உள்ளிருந்து குரல் வந்தது. "கல்கத்தா போறியளா?"

"ஒனக்கு யாரு சொன்னா?"

"எதுத்த மேசக்காரவிய வீட்டம்மா செவ்வாக்கெழமையே சொல்லிட்டா. நீங்களா எப்பம் சொல்லுவியன்னு கெடந்தேன். போறியளா, இல்லையா?"

"இல்ல."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்குவதைப் பார்த்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மாசம் நிறைந்து மகள் பிறந்தாள். மாநிறம், பெருத்த குரல். கல்கத்தாவுக்கு, எதிர்மேஜைக்காரருக்குக் கார்டு போட்டேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. 'உம்மை நம்பி நான் சந்தோஷப்பட முடியாது. உம் மனைவியை ஒரு வரி எழுதச் சொல்லும்.'

அவள் பிள்ளையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, பென்சிலால் இரண்டு வரி எழுதினாள்.