மலையேறி வேலைக்குப் போன கதை

தொழிற்கல்லூரி வாத்தியார் வேலையில் எஞ்சினைக் கழற்றி மாட்டுவது சுலபம். பிரின்சிபாலிடம் அரை மணி நேரம் சலுகை வாங்குவதுதான் கஷ்டம். எண்பதுகளில் ஏற்காட்டில் நான் மோட்டார் மெக்கானிக் பிரிவு வாத்தியார். வீடு சேலத்தில். பஸ் பிடித்து வேலைக்குப் போனவர்களுக்கு மேற்கொண்டு சொல்லவே வேண்டாம்.

பெல்லும் பஸ்ஸும்

காலை முதல் பஸ் மேலே வந்து சேர்வதற்குள் எங்கள் பெல் அடித்துவிடும். கொஞ்சம் பிந்தி வந்து, சாயந்திரம் அதே அளவு பிந்திப் போகிறேன் என்று கேட்டேன். கரடியூரிலிருந்து நடந்து வரும் பையன்களுக்கும் அதுதான் வசதி. பிரின்சிபால் குடியிருந்தது காம்பவுண்டுக்குள்ளேயே. காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க, பஸ் லேட்டுன்னா பஸ்காரங்களைக் கேளுங்க. என் பெல் என்னங்க பண்ணுச்சு?"

மண்சரிவு

ஐப்பசி மழையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. லீவு கேட்டால் என்ன பேச்சு வாங்க வேண்டியிருக்குமோ என்று பயந்து, குப்பனூர் சுற்றுப்பாதையில் ஒரு எஸ்டேட் ஜீப்பில் தொற்றிக்கொண்டு, மீதியை நடந்து, முழங்கால்வரை சேறோடு மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். பிரின்சிபால் அறை பூட்டியிருந்தது. முதல் நாள் கல்யாணத்துக்குச் சேலம் இறங்கியவர் அங்கேயே தங்கிவிட்டாராம். அவரிடமிருந்து போன் வந்தது. நான் வந்துவிட்டதைப் பெருமையாகச் சொன்னேன். "இந்த மழையில எதுக்குங்க வந்தீங்க? சூழ்நிலைக்குத் தக்க அனுசரிச்சுப் போக வேண்டாமுங்களா?"

தையல் மிஷின் ரிப்பேர்

தையல் பிரிவு ஸ்டெல்லா டீச்சருக்குக் கைக்குழந்தை. வகுப்பு ஜன்னலில் நின்றால் அவர் வீடு தெரியும். நடுவில் ஒருமுறை போய்ப் பால் கொடுத்து வர அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. ஒரு நாள் அவர் மாமியார், அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு காலேஜ் கேட்டுக்கே வந்துவிட்டார். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. டீச்சர் வகுப்பை விட்டு ஓடினார். "இது காலேஜுங்களா, உங்க ஊடுங்களா?" என்று பிரின்சிபால் எல்லார் எதிரிலும் சத்தம் போட்டார். டீச்சர் அழவில்லை. வேலையை விட்டுவிடப்போவதாக மட்டும் என்னிடம் சொன்னார். எனக்கு மனசு நொந்துபோய்விட்டது. "விடாதீங்க டீச்சர். நீங்க போயிட்டு வாங்க, கிளாஸை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மறுநாளிலிருந்து, என் பையன்களிடம் கார்புரேட்டரைக் கழுவக் கொடுத்துவிட்டு, தையல் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். சீக்கிரமே மாட்டிக்கொண்டேன். வாசலில் பிரின்சிபால், கையில் பாதி தைத்த பாவாடையோடு நான். "இங்க என்னங்க பண்றீங்க?" என்றார். "மிஷின் ரிப்பேருங்க சார்" என்றேன். அவர் டீச்சரின் காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்: "நாளைக்கும் இதே நேரத்துக்கு ரிப்பேர் ஆகுமில்லீங்க?"

குழந்தை சோறு தின்னப் பழகும்வரை அந்த மிஷின் தினமும் பழுதாகி, வாய்விட்டுக் கேட்டுக் கிடைக்காத அனுமதியை எங்களுக்கு வாங்கிக் கொடுத்தது.