பீடத்தில் வைத்த பெயர்

எங்கள் திருச்சபை தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்காக முதலில் ஒரு பாலர் பள்ளியைத் தொடங்கியது. பிறகு தொடக்கப் பள்ளி, இடைநிலைப் பள்ளி, கடைசியாகப் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம். நான் பாலர் வகுப்பில் நுழைந்து, ஆறாம் படிவம் வரை அதற்குள்ளேயே வளர்ந்தேன். நான் முடித்த ஆண்டில்தான் சபை ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியும் தொடங்கத் தீர்மானித்தது.

அறிவிப்பு வந்தது அறுப்பின் பண்டிகையன்று. அன்று ஒவ்வொரு குடும்பமும் தன் விளைச்சலில் நல்லதைப் பீடத்தின்முன் வைக்கும். ஆராதனை முடிந்ததும் அவை ஏலத்துக்கு வரும். வைத்ததை யாரும் திரும்பக் கேட்பதில்லை. தன் தோட்டத்துப் பூசணிதான் வேண்டுமென்றாலும் ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். இலக்கியம், வணிகம், பாலர் கல்வி ஆகிய மூன்று துறைகளுக்கு அனுமதி கேட்டிருப்பதாகவும், முதல் மாணவர்கள் நம் பிள்ளைகளாக இருக்க வேண்டுமென்றும் போதகர் சொன்னார். லோரி ஓட்டும் அப்பா எழுந்தார். காணிக்கை உறையின் பின்புறத்தில் என் பெயரை எழுதி, முட்டைக்கோசுகளுக்கு நடுவே வைத்துவிட்டு வந்தார். என்னிடம் கேட்கவில்லை. நான் இலக்கியம் படிக்க விரும்புவது அவருக்குத் தெரியும். அதுவே போதுமென்று நினைத்திருப்பார்.

ஏலம்விட்ட ஓய்வுபெற்ற கங்காணி அந்த உறையைத் தூக்கிக் காட்டினார்.

“இந்தா, லோரிக்காரரு முட்டைக்கோஸோட மகளையும் சேத்து வச்சிட்டாரு. யாருப்பா எடுக்கறீங்க?”

“அது ஏலத்துக்கு இல்லலா அண்ணே, போதகர் ஐயாவுக்கு,” என்றார் அப்பா. சபை சிரித்தது. நானும் சிரித்தேன்.

சில வாரங்களில் கோலாலம்பூரின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் எனக்கு இலக்கியத் துறையில் இடம் கிடைத்தது. குறிப்பிட்ட நாளுக்குள் இணையப் பக்கத்தில் ஒப்புதல் தர வேண்டும். அப்பா என்னை அழைத்துக்கொண்டு பிரிஞ்சாங்கிலுள்ள போதகர் வீட்டுக்குப் போனார். போதகர் எதையும் மறைக்கவில்லை.

“நமக்கு இன்னும் அனுமதி வரல. பிள்ளைய அங்கயே அனுப்புங்க.”

“வச்சத எடுத்தா எப்படி ஐயா? நாளைக்கு இவளுக்கு ஒன்னு ஆச்சுன்னா?”

“கடவுள் அதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாரு.”

“உங்களுக்குத் தெரியும் ஐயா. எனக்குத் தெரியாதே.”

போதகர் என் பக்கம் திரும்பினார். “நீ என்னம்மா சொல்ற?”

“அப்பா சொல்றபடி, ஐயா.”

பெரியவர்கள் கேட்டால் சுருக்கமாகவும் பணிவாகவும் பதில் சொல்ல வேண்டுமென்று எங்கள் பள்ளியில் பழக்கியிருந்தார்கள். அந்தப் பாடத்தில் நான் ஒருபோதும் பிழை செய்ததில்லை.

அந்தப் பக்கத்தைத் திறக்கும் கடவுச்சொல் என்னிடம் மட்டுமே இருந்தது என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். கடைசி நாள் மதியம் அதைத் திறந்தேன். அப்பா முட்டைக்கோஸ் ஏற்ற கோலா தெர்லாவுக்குப் போயிருந்தார். ‘ஏற்கிறேன்’ என்ற கட்டத்தின்மேல் என் விரல் இருந்தது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. நான் அழுத்தவில்லை. மறுநாள் பார்த்தபோது அந்தக் கட்டம் இல்லை.

அடுத்த ஓராண்டு தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள மண்டபத்தில் ஆயத்த வகுப்பு நடந்தது. இலக்கியத்துக்கு நான் ஒருத்திதான். கம்போங் ராஜாவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாரம் இருமுறை வந்தார். ஒரு செய்யுளில் எந்தச் சொல்லை எடுத்தால் அது சரிந்துவிடும் என்று கண்டுபிடிக்கச் சொல்வார். நான் கண்டுபிடிப்பேன். என்னை இலக்கிய மாணவி என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது அந்த ஓராண்டுதான்.

இந்த வாரம் அனுமதிக் கடிதம் வந்தது. வணிகத்துக்கும் பாலர் கல்விக்கும் அனுமதி உண்டு. இலக்கியத்துக்குப் போதிய விரிவுரையாளர்கள் இல்லை, மாணவர்களும் இல்லை. போதகர் தாமே தோட்டத்தில் எங்கள் லைன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். சேர்க்கைப் படிவத்தை மேசைமேல் வைத்தார். பாடப்பிரிவுக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

“பாலர் கல்வியில சேரலாம். இல்லன்னா வெளிய மறுபடியும் விண்ணப்பம் போட்டுப் பாக்கலாம். கிடைக்கும்னு நான் சொல்ல முடியாது. திங்கட்கிழமைக்குள்ள சொல்லும்மா.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா சொல்றபடி,” என்றேன்.

“வேணாம்மா. அன்னிக்கு நான் சொல்லித்தான் இப்படி ஆச்சு. இனிமே நான் ஒன்னும் சொல்லல.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். போதகர் ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்து, ஜெபம் செய்துவிட்டுப் போனார். அப்பா சாவியை எடுத்துக்கொண்டு லோரியைக் கழுவப் போனார். அம்மா வந்து படிவத்தின்மேல் ஈரம் படாதபடி மேசையைத் துடைத்தார்.

இன்று ஞாயிறு. நான் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இன்று காலை தேவாலயத்தில் மூன்று பேர் என்னிடம் என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்டார்கள். மூவரிடமும், யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அது உண்மையில்லை. யாராவது சொல்வார்களென்று காத்துக்கொண்டிருக்கிறேன்.